ஐந்தாம் பக்கத்தில் அக்கா கடை

அக்கா: அஞ்சாம் பக்கமா?

தம்பி: அஞ்சாம் பக்கம்னா... நெட்ல தேடினா அஞ்சாம் பக்கத்துல மேல. மொத வரி.

அக்கா: பெருமையாத்தான் இருக்கு. அங்க வரைக்கும் யாராவது வருவாங்களா?

தம்பி: வருவாங்க... ரொம்பத் தேவைப்பட்டவங்க.

அக்கா: துணியெல்லாம் சோப்புத் தண்ணியில ஊறிட்டுக் கிடக்குது. மெஷின் கதவு திறக்கல. ஒருத்தி ஈரக் கையோட போனை எடுத்து "வாஷிங் மெஷின் ரிப்பேர்"னு தேடுறா. அவ அஞ்சு பக்கம் தள்ளித் தள்ளி வந்து, இந்தக் கடைதான் வேணும்னு அடம் பிடிப்பாளா?

தம்பி: எல்லாத்தையும் இப்படி மட்டமா பாக்காதக்கா. இது ஒரு சயின்ஸ்.

அக்கா: அந்தப் பதிமூணாம் நம்பர் ஸ்பேனரை எடு.

தம்பி: எது?

அக்கா: பதிமூணுன்னு எழுதியிருக்கும். அதுக்கு சயின்ஸ் வேணாம், படிச்சாப் போதும்.

தம்பி: இந்தா. கிண்டலுக்கு மட்டும் குறைச்சல் இல்ல.

அக்கா: இப்போ கேளு. போன வருஷம் மொத பக்கத்துல மொத ஆளா நின்னோம். இன்னிக்கு அஞ்சு. நம்ம வெப்சைட் பேரைப் புதுப்பிக்க இன்னிக்கு சாயங்காலத்தோட கெடு முடியுதுன்னு காலையில போன்ல நீதான் சொன்ன.

தம்பி: ஆமா. அதுக்குத்தான் வந்தேன். நான் என்ன சொல்றேன்னா...

அக்கா: இரு. மொதல்ல நான். புதுப்பிக்கிறேன், உன்னையும் வச்சுக்கறேன். ஒண்ணே ஒண்ணுதான். நாம ஏன் விழுந்தோம்னு உண்மையச் சொல்லணும், பூசி மெழுகாம. சொன்னா சைட்டு உன் கையிலயே இருக்கும், மாடி ரூமும் உனக்குத்தான். சொல்லலன்னா சாவிய வச்சுட்டுப் போயிடு.

தம்பி: கூடப்பொறந்தவன்கிட்ட பேசுற பேச்சா இது?

அக்கா: கூடப்பொறந்தவன்கிறதாலதான் கேள்வி கேக்கறேன். வேற எவனாவதா இருந்தா கேக்காமலே அனுப்பியிருப்பேன்.

தம்பி: சரி, நான் சொல்ல வந்தது இதுதான். சைட்டை விட்டுடலாம். கடையக்கூட... யோசிக்கலாம்க்கா. உனக்கும் இடுப்பு வலி. காலம் மாறிப் போச்சு.

அக்கா: ஊத்தி மூடச் சொல்ற.

தம்பி: நான் அப்படிச் சொல்லல...

அக்கா: வேற எப்படிச் சொன்ன? காரணத்துக்கு வா. ஏன் விழுந்தோம்?

தம்பி: அப்டேட்.

அக்கா: அப்டேட்னா?

தம்பி: தேடுற கம்பெனிக்காரன் அவன் விதிய மாத்துவான். வருஷத்துக்கு நாலஞ்சு தரம் பெரிசா மாத்துவான். சின்னச் சின்னதா தினமும் மாத்துவான். ஒரே ராத்திரியில லட்சக்கணக்கான சைட்டு விழுந்துச்சு. உலகம் பூரா கதறுறாங்க. நாம மட்டும் இல்ல.

அக்கா: லட்சம் பேரு விழுந்தாங்களா?

தம்பி: லட்சம் பேரு.

அக்கா: அப்போ மொத இடம் காலியா கிடக்கா?

தம்பி: காலியா எப்படி... அங்க வேற ஒருத்தன் இருக்கான்.

அக்கா: அவனுக்கு மட்டும் அப்டேட் வரலையா?

தம்பி: ...வந்துச்சு. அவன் மேல ஏறிட்டான்.

அக்கா: ஒரே மழை. அவன் வீட்டுத் தொட்டி ரொம்புது, நம்ம வீட்டுக் கூரை ஒழுகுது. மழையையே திட்டிட்டு இருக்க. அடுத்த காரணம் சொல்லு.

தம்பி: அடுத்த காரணம் ஏஐ.

அக்கா: ம்.

தம்பி: முன்னாடி கேள்வி கேட்டா பத்து சைட்டு காட்டுவான். நாம அதுல ஒண்ணா இருப்போம். இப்போ மேலயே மெஷினே பதிலை எழுதிக் காட்டிடுது. ஜனங்க அதைப் படிச்சுட்டுப் போயிடறாங்க. எந்த சைட்டுக்குள்ளயும் வர்றதே இல்ல. இது நெஜம்க்கா, இதைச் சொல்லாத ஆளே இல்ல.

அக்கா: நெஜமா இருக்கட்டும். அந்த மெஷின் யாருக்குமே துணி துவைச்சதில்ல, ஒரு பெல்ட் மாத்தினதில்ல. பதிலை எங்கேருந்து எடுக்குது?

தம்பி: அங்க இங்கேருந்து. கீழ பேரு போடும், இன்ன சைட்லேர்ந்து எடுத்தேன்னு.

அக்கா: கீழ யாரு பேரு இருக்கு?

தம்பி: அது எதுக்குக்கா இப்போ?

அக்கா: சொல்லேன். பேர் சொன்னா நாக்கு வெந்துடுமா?

தம்பி: "சத்தம் கேக்குதா".

அக்கா: என்ன சத்தம்?

தம்பி: சைட்டு பேரே அதான். "சத்தம் கேக்குதா". பேரப் பாரு பேர. மொத இடத்துல இருக்கறதும் அவன்தான். வந்து அஞ்சு மாசம்தான் ஆகுது. ஒரு படம் கிடையாது. லோகோ கிடையாது. வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து, அடியில ஒரு போன் நம்பரு, மெயில். எழுதுறவன் யாருன்னுகூடப் போடல. பள்ளிக்கூடத்து நோட்டு மாதிரி இருக்கு.

அக்கா: என்னதான் எழுதறான்? ஒண்ணு படி, கேப்போம்.

தம்பி: எதுக்கு அந்தக் கண்றாவிய... சரி. "புது மெஷின் சுத்தும்போது எடத்தை விட்டு நடந்து போகுதா? பயப்படாதீங்க..."

அக்கா: "...பேய் இல்ல. பின்பக்கம் பாருங்க. லாரியில வரும்போது டிரம் ஆடாம இருக்க நாலு போல்ட் போட்டிருப்பாங்க. அதைக் கழட்ட மறந்துட்டாங்க. நீங்களே கழட்டுங்க, என்னைக் கூப்பிடாதீங்க."

தம்பி: நீயும் அந்த சைட்ட பாக்கறியா?

அக்கா: பாக்காம? மொத இடத்துல நிக்கறவன் என்ன பண்றான்னு பாக்க வேணாமா?

தம்பி: பாரு, "என்னைக் கூப்பிடாதீங்க"ங்கறான். இப்படி எழுதற முட்டாள் உலகத்துலயே இவன் ஒருத்தன்தான். கூப்பிடாதேன்னு சொன்னா எவன் கூப்பிடுவான்?

தம்பி மனைவி: அண்ணி, ஒரு கால் வந்திருக்கு. கூப்பிடாதேன்னு போட்டிருந்துச்சாம், போல்ட்டும் கழட்டிட்டாங்களாம், மெஷின் நடக்கறது நின்னுடுச்சாம். நேர்மையான ஆளா தெரியுது, வீட்ல இருக்கிற பழைய மெஷினையும் நீங்களே வந்து பாருங்கன்னு கேக்கறாங்க.

அக்கா: நாளைக்குக் காலையில பத்து மணின்னு சொல்லு.

தம்பி: எந்த போனு அது? நம்ம கடை போனு இங்க மேசை மேல இருக்கே.

தம்பி மனைவி: அது... இன்னொரு போனுங்க.

தம்பி: எந்த இன்னொரு போனு?

அக்கா: பழசு ஒண்ணு கிடந்துச்சு. அவ வச்சிருக்கா. நீ காரணத்தைச் சொல்லு.

தம்பி: இவ எதுக்கு நம்ம பேச்சுல... நீ முன்னாடி போய் உக்காரு.

அக்கா: அவ முன்னாடி உக்காந்து போன் எடுக்கறதாலதான் கடை நடக்குது. நீ மாடியில உக்காந்து கோடு ஏறுதா எறங்குதான்னு பாத்துட்டு இருக்க.

தம்பி: கோடு இல்லக்கா, கிராஃப். சைட்டுக்கு எத்தனை பேர் வர்றாங்கன்னு காட்டும். அதுதான் எல்லாம். ஆமா, இதென்ன இத்தனை மெஷின்? காலை வைக்க எடமில்ல. ஒண்ணு, ரெண்டு... ஒம்பது. பாவம், எடுக்கக்கூட யாரும் வரல போல.

அக்கா: நீ கீழ எறங்கி வந்து எத்தனை நாளாச்சு?

தம்பி: போன மாசம் வந்தேனே. பூட்டு கேட்டு.

அக்கா: அதுக்கு முன்னாடி?

தம்பி: ...வேலை இருந்துச்சு. கிராஃப் மண்ணைக் கவ்விட்டு இருக்கும்போது நான் இங்க வந்து மெஷினையா எண்ண முடியும்? கோட்டைப் பாத்தாலே தெரியுது, கடை செத்துப் போச்சுன்னு.

அக்கா: கோட்டைப் பாத்து கடை செத்ததைக் கண்டுபிடிச்ச டாக்டர் நீதான். நாடியத் தொட்டுப் பாக்கவே இல்ல. அடுத்த காரணம்?

தம்பி: லிங்க்கு. மத்த சைட்டுங்க நம்மளக் கை காட்டணும். எத்தனை பேர் கை காட்டறாங்களோ அத்தனை மதிப்பு. நான் நாலாயிரம் லிங்க் ஏற்பாடு பண்ணிக் கொடுத்தேன். அதையும் இந்த அப்டேட்ல அடிச்சுட்டான்.

அக்கா: யாரு அந்த நாலாயிரம் பேரு?

தம்பி: பல துறை.

அக்கா: நானும் கொஞ்சம் பாத்தேன். நாய்க்குட்டி விக்கறவன் ஒருத்தன். முடி கொட்டறதுக்கு எண்ணெய் விக்கறவன். சீட்டாட்டக்காரன் எழுநூறு பேரு. இவங்கெல்லாம் எதுக்கு என் கடையக் கை காட்டறாங்க? நான் போய் பெல்ட் மாத்திக் கொடுத்தேனா?

தம்பி: அது ஒரு ஏற்பாடுக்கா. எல்லாரும் பண்றதுதான்.

அக்கா: எல்லாரும் பண்ணாங்க, எல்லாரும் விழுந்தாங்க. அப்புறம் ஊர் பேரை மாத்தி மாத்தி முந்நூறு பக்கம் போட்டியே, அது?

தம்பி: அது லோக்கல் டெக்னிக். ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு பக்கம். "உங்கள் பகுதியில் சிறந்த வாஷிங் மெஷின் ரிப்பேர்".

அக்கா: கடலுக்கு நடுவுல நிக்கிற கலங்கரை விளக்கத்துக்கும் ஒரு பக்கம் போட்டிருக்க. அரைமணி நேரத்துல வீட்டு வாசலுக்கே வருவோம்னு. நான் என்ன நீந்தியா போவேன்?

தம்பி: அது லிஸ்ட்ல தானா வந்துடுச்சு.

அக்கா: உன் வேலையே தானா வந்ததுதானே. அந்த முந்நூறு போக ஆயிரம் கட்டுரை. இந்தா, ஒண்ணு அச்செடுத்து வச்சிருக்கேன். கேளு. "இன்றைய நவீன உலகில் வாஷிங் மெஷின் இன்றியமையாத பங்கு வகிக்கிறது என்பதை யாராலும் மறுக்க முடியாது." யாரு மறுத்தா?

தம்பி: அது ஒரு ஆரம்பம்...

அக்கா: மறுத்தவனைக் காட்டு, போய்ப் பேசிட்டு வர்றேன். இந்தப் பக்கத்துல "சிறந்த வாஷிங் மெஷின் ரிப்பேர்"ங்கறது நாப்பத்தி மூணு தடவ வருது. எண்ணினேன். இதை எழுதினது யாரு?

தம்பி: நான்தான்... ஏஐ வச்சு.

அக்கா: படிச்சுப் பாத்துத்தான் போட்டியா?

தம்பி: ஒரு நாளைக்கு நாப்பது கட்டுரை போகும். படிச்சிட்டு இருந்தா எப்போ போடறது?

அக்கா: அப்போ இதையும் படிச்சிருக்க மாட்ட. "சத்தம் வந்தால் டிரம்முக்குள் இரண்டு கரண்டி எண்ணெய் ஊற்றி, ஐந்து நிமிடம் சுழல விடவும்."

தம்பி: ...அப்படியா போட்டிருக்கு?

அக்கா: நம்ம கடை பேர்ல போட்டிருக்கு. அதை நம்பி ஒரு நர்ஸ் பொண்ணு ஊத்திச்சு. அவளுக்கு இருக்கறதே மூணு யூனிஃபார்ம். மூணும் எண்ணெய். அள்ளி எடுத்துட்டு நேரா இங்க வந்து என் முன்னாடி விரிச்சா. "நீங்கதானே எழுதினீங்க"ன்னு கேட்டா, அவ்வளவுதான். திட்டக்கூட இல்ல. எனக்கு அன்னிக்கு அழுகை வந்துடுச்சு. முப்பது வருஷம் ஸ்பேனர் புடிச்ச கை இது, ஒருத்தர் துணிய நாசம் பண்ணினதில்ல.

தம்பி: எங்கிட்ட சொல்லவே இல்லையே.

அக்கா: சொன்னேன். "ஒரு கட்டுரை தப்பா இருந்தா என்ன, மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது இருக்கு"ன்னு சொன்ன.

தம்பி: நான் அப்படியா சொன்னேன்...

தம்பி மனைவி: சொன்னீங்க. சாப்பிட்டுட்டே சொன்னீங்க.

தம்பி: நீ போனைப் பாரு.

அக்கா: இப்போ கடைசியா ஒண்ணு கேக்கறேன். நல்லா யோசிச்சுச் சொல்லு. மொத பக்கத்துல நாம நின்னப்போ சைட்டுல என்ன இருந்துச்சு?

தம்பி: பழைய டிசைன்.

அக்கா: டிசைன் கிடக்கட்டும். எழுத்து என்ன இருந்துச்சு?

தம்பி: ஏதோ குறிப்பு மாதிரி... நீ ஒவ்வொரு வேலை முடிச்சதும் வந்து சொல்லுவ, இவ டைப் அடிப்பா. அந்தத் துண்டு துண்டு.

அக்கா: எத்தனை துண்டு?

தம்பி: எனக்கெப்படித் தெரியும்?

தம்பி மனைவி: இருநூத்திப் பன்னெண்டு.

அக்கா: என்ன சத்தம் வந்துச்சு, எதனால வந்துச்சு, என்ன பண்ணேன், எதுக்கு என்னைக் கூப்பிட வேணாம். ஒவ்வொரு வீட்லயும் முட்டி போட்டுப் பாத்து எழுதின இருநூத்திப் பன்னெண்டு குறிப்பு. அதெல்லாம் இப்போ எங்க?

தம்பி: இருக்கும்... உள்ள எங்கயாவது.

அக்கா: உள்ளன்னா?

தம்பி: சர்வர்ல.

அக்கா: நான் தேடினேன். பக்கம் இல்லன்னு வருது.

தம்பி: அப்போ... சர்வர் கோளாறா இருக்கும். சில சமயம் தானா போயிடும்க்கா.

அக்கா: இருநூத்திப் பன்னெண்டும், ஒரே நாள்ல, தானா.

தம்பி: டெக்னிக்கலா சாத்தியம்தான்.

அக்கா: அதை நீ ஒருதரமாவது படிச்சிருக்கியா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு.

தம்பி: படிச்சேனே... மேலோட்டமா. தலைப்பு பாத்தேன்.

அக்கா: தலைப்பு.

தம்பி: எழுத்துப் பிழை, பேச்சு வழக்கு... படிக்கறவன் என்ன நினைப்பான்? அதுக்காக நான் அழிச்சேன்னு சொல்லல.

அக்கா: நீ அழிச்சேன்னு நானும் சொல்லலயே. இன்னொரு தடவ கேக்கறேன், கதவு இன்னும் திறந்துதான் இருக்கு. அது எப்படிப் போச்சு?

தம்பி: ...இவதான் ஏதோ பண்ணியிருக்கணும்.

தம்பி மனைவி: யாரு?

தம்பி: நீதான டைப் அடிப்ப. பாஸ்வேர்டு உங்கிட்டயும் இருந்துச்சு. தெரியாம எதையாவது அமுக்கியிருப்ப. நான் தப்பு சொல்லல, தெரியாமத்தான்.

தம்பி மனைவி: ஏங்க, என்னையா?

தம்பி: மனுஷங்களுக்கு வர்ற தப்புதானே. அக்கா, இவளை ஒண்ணும் சொல்லாத.

அக்கா: நான் அவளை ஒண்ணும் சொல்லல.

தம்பி: ஆக காரணம் அதுதான். குறிப்பு போச்சு, ரேங்க் போச்சு. நானும் எவ்வளவோ முட்டுக் கொடுத்துப் பாத்தேன்.

அக்கா: முடிஞ்சுதா? இதுதான் உன் உண்மை?

தம்பி: இதுதான். சத்தியமா.

அக்கா: சரி. சட்டைப் பைக்குள்ள போன் அடிக்குது பாரு.

தம்பி: மெயில்தான். அப்புறம் பாத்துக்கலாம்.

அக்கா: வந்ததுலேருந்து அம்பது தடவ எடுத்து எடுத்துப் பாத்தியே. இப்போ வந்ததும் அப்புறம்ங்கற.

தம்பி: ஒரு கிளையன்ட்டு. முக்கியமான ஆளு. நான் மாடிக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்.

அக்கா: இங்கயே பாரேன்.

தம்பி: இல்லக்கா, கொஞ்சம் தனிப்பட்ட... 

அக்கா: நல்ல சேதியா? மூஞ்சி மலருதே.

தம்பி: இருக்கலாம். ஒரு வாரமா எதிர்பாத்துட்டு இருந்தேன். நேரா பதில் போட்டிருக்காங்க. சரி, நீயே பின்னாடி தெரிஞ்சுப்ப... "ஐயா, உங்க விண்ணப்பம்..."

அக்கா: ஏன் நிறுத்திட்ட?

தம்பி: ஒண்ணுமில்ல.

அக்கா: படி. சத்தமா.

தம்பி: அக்கா... இது... 

அக்கா: படிக்க வரலையா? சரி, நான் சொல்றேன். கை வேலையா இருக்கு, பாக்காமலே சொல்றேன். "ஐயா, உங்க விண்ணப்பம் செவ்வாய்க்கிழமை 'சத்தம் கேக்குதா'வுக்குக் கிடைச்சுது. இப்போ இருக்கற கடை மூழ்கிட்டு இருக்குன்னும், அங்க இருக்கற மெக்கானிக் அம்மாவுக்கு நாலு வரி சேத்து எழுத வராததுதான் காரணம்னும், அதை விட்டுட்டு எங்ககிட்ட வர ரெடியா இருக்கீங்கன்னும் எழுதியிருந்தீங்க. எங்க குறிப்பு மாதிரி எங்கயுமே படிச்சதில்லன்னு புகழ்ந்திருந்தீங்க. அதை மட்டும் நம்பறோம். எட்டு மாசத்துக்கு முன்னாடி அதே இருநூத்திப் பன்னெண்டையும் அழிக்கும்போது, ஒண்ணையாவது படிச்சிருந்தீங்கன்னா இந்த விண்ணப்பம் போட்டிருக்க மாட்டீங்க. வேலைக்கு ஆள் எடுத்தாச்சு. அழியறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் ஒரு நகல் எடுத்து வச்ச பொண்ணையே எடுத்துட்டோம். இப்படிக்கு, நாலு வரி எழுத வராத மெக்கானிக்." ஏதாவது வரி விட்டுட்டேனா? அந்த விண்ணப்பத்தைப் படிச்சு ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல, அதான் மனப்பாடம் ஆயிடுச்சு. பழைய சைட்டு பேரு இன்னிக்கே காலாவதி ஆகட்டும், விடு. மாடி ரூம் சாவிய உன் பொண்டாட்டி கையில கொடு. நேத்து நான் சொல்லச் சொல்ல அவதான் இந்த மெயிலை டைப் அடிச்சு வச்சா, நீ பொய் சொன்னதும் இப்பத்தான் அனுப்பினா, நாளையிலேருந்து அந்த ரூம் அவளுக்கு.